பெர்பெரிடேசி: கடிகார முகத்தில் வரைந்து படித்த குடும்பம்

எம்.எஸ்சி. தாவரவியல் முதல் ஆண்டு செய்முறைத் தேர்வில் என் மேசைக்கு வந்தது ஒரு முள் கிளை. மூன்று கவராகப் பிரிந்த முள், அதன் இடுக்கில் கொத்தாக நாலைந்து இலை, தலை கவிழ்ந்த மஞ்சள் பூக்கள். பெர்பெரிடேசி குடும்பத்துக்குப் பெயர் கொடுத்த பெர்பெரிஸ் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதே என்ற தைரியத்தில் கடகடவென்று எழுதி, பாதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். முள்ளைத் தண்டின் மாற்றுரு என்று எழுதியிருந்தேன். மலர் வரைபடத்தில் மகரந்தத்தாள்களை அல்லிகளுக்கு நடுநடுவே போட்டிருந்தேன். இரண்டும் தப்பு.

கோபிச்செட்டிபாளையத்தில் முள்ளுக்கா பஞ்சம்? ஆனாலும் எந்த முள் எதிலிருந்து வருகிறது என்று நான் நின்று பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: முள்ளின் இடுக்கில் என்ன இருக்கிறது? எலுமிச்சையில் முள்ளே இலையின் இடுக்கிலிருந்து வருகிறது, ஆகவே அது தண்டு வகை. கருவேலத்தில் இலைக்காம்படியில் ஜோடியாக நிற்கிறது, இலையடிச்செதிலின் மாற்றுரு. பெர்பெரிஸில் முள்ளின் இடுக்கிலிருந்து ஒரு குறுங்கிளை கிளம்பி இலைக்கொத்தைத் தாங்குகிறது. இடுக்கில் மொட்டு வைத்திருப்பது இலைதான். எனவே அந்த முள் இலை. இந்த ஒரு வரியைக் காரணத்தோடு எழுதினால் திருத்துபவர் கை தாராளமாகும்.

அடுத்தது மலர் வரைபடம். 'மகரந்தத்தாள்கள் அல்லிகளுக்கு எதிரே' என்று மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மறந்துபோகும். நான் கடிகார முகத்தை வைத்துப் பழகினேன். வெளிப் புல்லிகள் மூன்றும் 12, 4, 8 மணியில். உள் புல்லிகள் 2, 6, 10 மணியில். வெளி அல்லிகள் மறுபடி 12, 4, 8. உள் அல்லிகள் 2, 6, 10. அதே வரிசையில் வெளி மகரந்தத்தாள்கள் 12, 4, 8. உள் தாள்கள் 2, 6, 10. முடித்துவிட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு தாளும் ஓர் அல்லிக்கு நேர் எதிரே நிற்கும். விதியை மீறி எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொரு வட்டமும் முந்தைய வட்டத்தோடு மாறி மாறித்தான் அமைகிறது. மூன்று மூன்றாகப் போவதால் கடைசியில் எதிரெதிராக வந்து நிற்கிறது. நடுவில் ஒரே ஒரு சூலக இலை, மேல்மட்டச் சூலகப்பை. மலர் சூத்திரமும் இதிலேயே வந்துவிடும்: 3+3, 3+3, 3+3, 1.

சரி, படம் வந்துவிட்டது. ஆனால் பூவை உயிரோடு பார்க்காமல் இந்தக் குடும்பம் பிடிபடாது. சமவெளியில் பெர்பெரிஸ் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் பஸ் பிடித்து ஊட்டி ஏறினேன். 2637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா பக்கம் பெர்பெரிஸ் டிங்டோரியா வளர்கிறது. ஊசிக்களா என்று சொல்கிறார்கள். வனத்துறை இடம், கிளையை ஒடிக்காதீர்கள். செடியிலேயே ஒரு பூவை நிமிர்த்திப் பிடித்துப் புல் நுனியால் மகரந்தத்தாளின் அடியைத் தொட்டேன். விருட்டென்று சூலகமுடியை நோக்கி மடங்கியது. கை லென்ஸில் பார்த்தால் மகரந்தப்பை நீளவாக்கில் கிழிவதில்லை. இரண்டு சின்னக் கதவுகள் அடியிலிருந்து மேல்நோக்கித் திறக்கின்றன. புத்தகத்தில் 'வால்வு வெடிப்பு' என்று இரண்டே சொல்லில் கடந்துபோகிற சங்கதி இதுதான்.

இந்தக் கதவை வைத்துத்தான் ஒரு மதிப்பெண் வினாவில் வலை விரிப்பார்கள். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பமான லாரேசியிலும் மகரந்தப்பை கதவாகத்தான் திறக்கும், பூவும் மூன்றின் மடங்குதான். அப்புறம் பெர்பெரிடேசிக்குள்ளேயே நாண்டினாவும் போடோஃபில்லமும் கதவு வைக்காமல் நீளவாக்கில் வெடிப்பவை.

அந்த இரண்டு விதிவிலக்குகளிடமிருந்துதான் வகைப்பாட்டுச் சண்டையும் தொடங்குகிறது. லின்னேயஸ் 1753-இல் ஆறு தாள், ஒரு சூலகம் என்று எண்ணிப் பெர்பெரிஸை வைத்த அதே கட்டத்தில் வெங்காயமும் இருந்தது. பல்லடத்துச் சின்ன வெங்காயமும் மலைமுள்ளும் ஒரே பந்தியில்! செயற்கை வகைப்பாடு என்றால் என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன். பெந்தம், ஹூக்கர் முறையில் (1862-1883) பெர்பெரிடேசியின் இடம், பெரிய பிரிவிலிருந்து சிறியதாக: பாலிபெட்டலே, தாலமிஃபுளோரே, ரானேல்ஸ். அவர்கள் லார்டிசபாலா என்ற கொடிப் பேரினத்தையும் இதே குடும்பத்துக்குள் சேர்த்துவைத்தார்கள் என்பதைப் பலரும் எழுத விட்டுவிடுகிறார்கள். ஹட்சின்சன் பெர்பெரிடேல்ஸ் என்று தனித் துறையே வைத்து, நாண்டினாவையும் போடோஃபில்லத்தையும் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்தார். டி.என்.ஏ. சான்றை வைத்து 1998-இல் தொடங்கிய ஏ.பி.ஜி. (ஆஞ்சியோஸ்பெர்ம் பைலோஜெனி குரூப்) முறை எல்லோரையும் மறுபடி பெர்பெரிடேசிக்குள் கூட்டிவந்து, ரானன்குலேல்ஸ் துறையில் வைத்தது. உட்பிரிவுக்குக் குரோமோசோம் அடிப்படை எண் கைகொடுக்கும்: போடோஃபில்லம் பக்கம் 6, பெர்பெரிஸ் பக்கம் 7, நாண்டினா பக்கம் 8 அல்லது 10. மஹோனியா தனிப் பேரினமா, பெர்பெரிஸுக்குள் அடக்கமா என்பதில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. தேர்வுக்கு நான் எழுதுவது: மஹோனியாவுக்குச் சிறகுக் கூட்டிலை, தண்டில் முள் இல்லை.

ரானன்குலேல்ஸின் மற்ற குடும்பங்களுக்கு மலையேற வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் சீந்திலும் கட்டுக்கொடியும் படர்ந்து கிடக்கின்றன, இரண்டும் மெனிஸ்பெர்மேசி. கட்டுக்கொடி இலையைத் தண்ணீரில் கசக்கி வைத்தால் கட்டியாக உறைந்துவிடும், ஆடு மேய்க்கிற பையன்களுக்கெல்லாம் தெரிந்த விளையாட்டு. வரப்போரம் நிற்கிற பிரமதண்டு பப்பாவரேசி. பெந்தம், ஹூக்கர் இதைப் பெரையேட்டேல்ஸில் வைத்தார்கள், ஏ.பி.ஜி. ரானன்குலேல்ஸுக்குக் கொண்டுவந்தது. அதன் மஞ்சள் பாலிலும் பெர்பெரிஸ் வேரின் மஞ்சளிலும் இருப்பது பெர்பெரின் என்ற ஒரே ஆல்கலாய்டு. நான் இலையும் கொடியுமாகப் பிடுங்கிப் பரப்பிவைத்திருந்ததைப் பார்த்து அப்பிச்சி, "ஏங்கண்ணு, வேலியில கெடக்கறதுக்கெல்லாமா பரீட்சை வெக்கறாங்க?" என்று கேட்டார். ஆமாங்க அப்பிச்சி என்றேன்.

உலர் மாதிரிகளைப் பார்க்க வேண்டுமானால் கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பொட்டானிக்கல் சர்வேயின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். பூஞ்சையியல் தாளுக்கும் இதே செடி உதவும்: கோதுமையின் கருந்துரு நோய்ப் பூஞ்சைக்கு மாற்று விருந்தோம்பி, அதாவது வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியைக் கழிக்கும் இரண்டாவது செடி, பெர்பெரிஸ்தான்.

கடைசியாக, போட்டித் தேர்வுகளில் என்னை இரண்டு முறை குழப்பிய சொல் ஒன்று: மரமஞ்சள். நம் நாட்டுமருந்துக் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் தருவது காசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம் என்ற கொடியின் தண்டு, குடும்பம் மெனிஸ்பெர்மேசி. வடமொழியில் தாருஹரித்ரா என்பது இமயமலைப் பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா, குடும்பம் பெர்பெரிடேசி. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றே, இரண்டிலும் மஞ்சள் நிறம் தருவதும் பெர்பெரின்தான். வினாவில் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு விடையில் கை வையுங்கள்.