முகப்பில் ஒரு இலவச நூலகம்: இதுவரை நடந்தது

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டு முகப்பில் இலவச நூலகம் தொடங்கி ஓர் ஆண்டு ஆகப்போகிறது. ஐம்பதைத் தாண்டியபின் சென்னையில் பார்த்த கணக்கு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். சின்ன வயதிலிருந்தே படிக்கிற பழக்கம் உண்டு, நூலகம் நடத்திய அனுபவம் கிடையாது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று, செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

புத்தகத்துக்கு முன்னால் இடம். செட்டிநாட்டு வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். எங்கள் வீடும் பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்குப் பொது. ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோயம்புத்தூரில், சிலர் சென்னையில். எல்லோரிடமும் போனில் பேசினேன். பெரியப்பா மகன் அண்ணன்தான் கடைசியாகச் சம்மதித்தார். “பிள்ளைக வந்து படிக்கட்டும்ப்பா, நல்ல காரியம். ஆனா கல்யாணம், சாந்தி, படைப்புன்னு வந்தா அன்னைக்கு முகப்பு காலியா இருக்கணும்.” சாந்தி என்பது அறுபதாம் கல்யாணம், படைப்பு என்பது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுவது. நியாயமான நிபந்தனை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தாலும் நல்லது கெட்டதுக்கு எல்லோரும் கூடுகிற வீடு அது.

அந்த ஒரு நிபந்தனைதான் அலமாரியின் அமைப்பையே முடிவு செய்தது. காரைக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில், நாலடி உயரத்தில், அடியில் சக்கரம் வைத்த இரும்பு ரேக் செய்யச் சொன்னேன். கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. இரும்புச் சக்கரம் கீறிவிடும் என்பதால் ரப்பர் சக்கரம், அதிலும் பிரேக் உள்ளது. படைப்புக்கு எல்லோரும் வந்தபோது எல்லா ரேக்கையும் உள்ளே வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துப் பக்கம் தள்ளி ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, மறுநாள் பழையபடி கொண்டுவந்து வைத்தோம். நாலடி உயரம் என்பதால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் மேல்தட்டு எட்டுகிறது. சுவரை ஒட்டி மட்டும் வைக்காதீர்கள், அரையடியாவது இடைவெளி வேண்டும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் புத்தகத்துக்கு இறங்கும், கரையான் ஏறினாலும் கண்ணில் படாது.

புத்தகம் சேர்ப்பது கஷ்டமாகவே இல்லை. கேட்டவுடன் மூட்டை மூட்டையாக வந்தது. வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். பழைய கம்ப்யூட்டர் புத்தகங்கள், பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், ஜோசிய இதழ்கள். கொடுப்பவர் மனம் கோணாமல் வாங்கிக்கொண்டு, “இங்கே ஆள் தொடாவிட்டால் பழைய பேப்பருக்குப் போடலாமா?” என்று அப்போதே கேட்டுவிடுகிறேன். இதுவரை யாரும் மறுக்கவில்லை.

ஒரு ஆச்சி கொடுத்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வார இதழ்த் தொடர்கதைகளை வாரம் தவறாமல் கிழித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புகள். ஓவியம், பக்கத்து நகைச்சுவைத் துணுக்கு, சோப்பு விளம்பரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முதுகில் கலிக்கோ துணி, அட்டையில் ஆச்சியின் கையெழுத்தில் வரிசை எண். ஓரிரு வாரம் விட்டுப்போன இடத்தில் வெள்ளைத்தாளைச் செருகி, அந்த வாரக் கதையை யாரோ சொல்லக் கேட்டுச் சுருக்கமாக எழுதி வைத்திருக்கிறார். வாங்கிப் பார்த்தபோது கை நடுங்கியது. இவற்றை இரவல் கொடுப்பதில்லை, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.

பக்கத்துக் கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதிலிருந்துதான் 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. அரிய பழைய நூல் என்று யாராவது கொண்டுவந்தால் அப்படிப்பட்ட இடத்துக்குக் கொடுக்கச் சொல்கிறேன். பாதுகாப்பது அவர்கள் வேலை. என் ரேக்கில் உள்ளவை வெளியே போய், கசங்கித் திரும்பி வர வேண்டியவை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான்.

அதனால் முன்பணம் கிடையாது, அபராதமும் கிடையாது. பெயர், தெரு, போன் நம்பர், எடுத்த தேதி ஆகியவற்றை நோட்டில் எழுதிக்கொள்வதோடு சரி. “புத்தகமெல்லாம் போயிடும்” என்று பலர் எச்சரித்தார்கள். சில போய்த்தான் இருக்கின்றன. இருந்தாலும் ஐம்பது ரூபாய் முன்பணம் என்று ஒரு அட்டை தொங்கினால், வீட்டு வேலை முடித்துப் போகும் வழியில் பிள்ளையோடு ஏறி வருகிற அம்மா வாசலோடு திரும்பிவிடுவார். அவர் வராத நூலகத்தை நான் ஏன் நடத்த வேண்டும்?

அதிகம் புரளும் தட்டு எது தெரியுமா? பள்ளிப் பாடநூல்கள். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உள்ள பாடநூல்கள்தான் அடிப்படை. 2018, 2019 ஆண்டுகளில் பாடநூல்கள் மாறின, அதற்கு முந்தையவை அவர்களுக்கு உதவாது. பரீட்சை முடித்த பிள்ளைகளிடம் புதிய பதிப்புகளைக் கேட்டு வாங்கினேன். இலக்கியம் என்று நான் ஆசையாக அடுக்கியதெல்லாம் இரண்டாவது இடத்தில்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. பாடநூலுக்கு வந்த ஒரு பெண் இப்போது நாவல் நாவலாக எடுத்துப் போகிறாள்.

சிறுவர்களுக்கு பிரதம் புக்ஸ், துளிகா, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட படக்கதைகள். வகைப்பாட்டுக்கு முதுகில் கலர் டேப் ஒட்டினேன், சிவப்பு என்றால் கதை, பச்சை என்றால் அறிவியல். எடுத்த புத்தகத்தைத் திருப்பி வைப்பதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்கள்.

கிழிந்த புத்தகத்துக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். நாளாக ஆகப் பழுப்பேறி எழுத்தையும் கெடுக்கும். காரைக்குடியில் பைண்டிங் செய்யும் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். மைதாவைக் கட்டியில்லாமல் தண்ணீரில் கரைத்து, இளந்தீயில் கிண்டினால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகும். இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). பூச்சி அண்டாமல் இருக்கத்தான் அது. விஷம் என்பதால் பிள்ளைகள் போனபிறகுதான் டப்பாவை எடுப்பேன், அதற்கென்று தனிப் பாத்திரம். முதுகு பிரிந்தால் நூலால் தைத்து, காடாத் துணியில் பசை தடவி ஒட்டி, மேலே கனம் வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும். இந்த வேலையில் உட்கார்ந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

மற்றபடி, சொன்ன நேரத்துக்குத் திறப்பது முக்கியம். மாலை ஐந்து முதல் ஏழரை வரை, வியாழன் விடுமுறை. ஊரில் இல்லாத நாளில் திறக்க எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் சாவி வைத்திருக்கிறான். நூலகம் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிய பிள்ளை அடுத்த வாரம் வருவது சந்தேகம்தான்.

மெயின் ரோட்டைத் தாண்டியுள்ள கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கே வந்து போக பஸ் ஒத்துவரவில்லை. ரங்கநாதனின் விதிகள் வெளிவந்த அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் நூலகம் கிளம்பியது. என்னிடம் டிவிஎஸ் 50 இருக்கிறது. பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கிரேட் கட்டினால் எழுபது, எண்பது படக்கதைகள் பிடிக்கும். அந்த ஊர் அரசமரத்தடியில் நிற்கலாம் என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் சனிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். கிரேட்டுக்கு மூடி வைக்க வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தாயிற்று.