கோங்க் நாட்குறிப்பு: களவில் வந்த புனிதை

செப்டம்பர் 11

ரோடெஸிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கியபோது மணி ஐந்து. தெற்கு பிரான்ஸில், மலைமடிப்புக்குள் ஒளிந்திருக்கிற குட்டி ஊர் கோங்க். பலகைக்கல் வேய்ந்த வீடுகளுக்கு நடுவே, ஊரையே விழுங்கிவிடும்போல ஒரு தேவாலயம்.

இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை பெரிய தேவாலயம் வந்த கதை ஒரு களவில் தொடங்குகிறது. ஃபுவா என்ற சிறுமி, ரோமர் காலத்தில் ஆஜான் நகரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவள். இங்குள்ள மடத்திலிருந்து போன துறவி ஒருவர் அங்கே பல வருஷம் நல்ல பிள்ளையாக ஊழியம் பார்த்து, 866 வாக்கில் அவள் எலும்புகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ‘இடமாற்றம்’ என்று மடத்தார் மரியாதையாக எழுதி வைத்தார்கள். எங்கள் தெருவில் இதற்கு வேறு பெயர்.

செப்டம்பர் 12

காலை முழுக்க உள்ளேதான். புனிதையைப் பார்க்கவும், பிரான்ஸின் லெ புயி ஊரிலிருந்து ஸ்பெயினின் புனிதத் தலமான சாந்தியாகோவுக்குப் போகும் வழியிலும் யாத்திரிகர்கள் குவிய, பழைய கோயில் போதவில்லை. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒடோல்ரிக் மடாதிபதி புதியதைத் தொடங்கினார்.

நடு மண்டபம் ஒடுக்கம். உயரமோ 22 மீட்டர். கூரை, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி. அந்தக் கல்பாரம் கீழே மட்டும் இறங்குவதில்லை, சுவரை வெளியே தள்ளும். அதனால் பக்க நடைகளுக்கு மேல் மாடம் எழுப்பி, அதன் கால்வட்டக் கூரையையே முட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். உச்சிச் சுவரில் ஜன்னல் திறக்க இடமில்லை. வெளிச்சம் மாடம் வழியாகச் சுற்றித்தான் வரவேண்டும். கண்ணாடிகள் 1994இல் முடிந்தவை, ரோடெஸில் பிறந்த ஓவியர் பியேர் சூலாஜின் வேலை. கண்ணாடியில் நிறமே கிடையாது. ஆனாலும் ஒன்பது மணிக்கு நீலம் பாரித்தது, பதினொன்றுக்குப் பால் வெள்ளை.

பீடத்தைச் சுற்றி இரும்புக் கம்பி அடைப்பு. ஃபுவாவை வேண்டி விடுதலையான கைதிகள் கொண்டுவந்து போட்ட விலங்குகளை உருக்கிச் செய்தது என்கிறார்கள். ஒவ்வொரு கம்பி நுனியும் கொடிபோலச் சுருண்டிருக்கிறது. ஒன்றைத் தொட்டேன், சில்லென்றிருந்தது.

செப்டம்பர் 13

மழை. கருவூலத்தில் ஃபுவாவின் பொன் சிலை: ரத்தினம் இழைத்து, சிம்மாசனத்தில் விறைப்பாக. முகம் சிறுமியுடையதே அல்ல; ரோமர் காலத்து ஆண் தலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். தலைகூட இரவல்! பிரெஞ்சுப் புரட்சியின்போது ஊர்க்காரர்கள் இந்தப் பொக்கிஷத்தை வீடுகளில் பதுக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 14

மேற்கு வாசலுக்கு மாலை வெயிலில்தான் போகவேண்டும். அண்ணாந்து ஒரு மணி நேரம், கழுத்து பிடித்துக்கொண்டது. கதவுக்கு மேல் அரைவட்டத்தில் இறுதித் தீர்ப்பு, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது, 124 உருவங்கள். அங்கங்கே நீலச் சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆன்மாக்களை நிறுக்கும் தராசுத் தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறது ஒரு பேய். பணப்பை கழுத்தில் தொங்க ஒருவன் தூக்கில். வலைக்குள் சிக்கிய துறவிகளும் உண்டு. ஆவலோடு தேடினேன். எலும்பு எடுத்து வந்தவர் அந்த வலையில் இல்லை.

எதிர்ப்பக்கம், சின்ன உருவமாக ஃபுவா குப்புறக் குனிந்திருக்கிறாள். மேகத்திலிருந்து ஒரு கை மட்டும் அவளை நோக்கி நீள்கிறது. அவளுக்குப் பின்னால், வளைவுகளின் கீழே, யாரோ கழற்றி மாட்டிய விலங்குகள்.

வெளிவளைவின் விளிம்பில் சில குட்டி முகங்கள், கல் நாடாவை இரு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கின்றன. மூக்குவரைதான் தெரிகிறது.