இரண்டாம் வகுப்பும் சில பூதங்களும்

ஜூலை 3, வியாழன்
இன்று யாளி. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, அவ்வளவுதான் சொன்னேன். படம் காட்டாமல் வரையச் சொன்னேன். ஒருத்தி துதிக்கையைக் கொண்டுபோய் வாலில் ஒட்டிவிட்டாள். "முன்னாடிதான் வாய் இருக்கே மிஸ், பின்னாடி எப்படிச் சாப்பிடும்?" சரிதான். கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

ஜூலை 4, வெள்ளி
கறுப்பு கிரேயான் தீர்ந்துவிட்டது. எப்போதும் அதுதான் முதலில் தீரும்.

ஜூலை 7, திங்கள்
ஒரு அம்மா புகார் சொல்ல வந்திருந்தார். பிள்ளை ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லையாம். "நல்ல நீதிக்கதையா சொல்லக்கூடாதா?" தலைமையாசிரியர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பு. பிள்ளை தூங்காதது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இருட்டில் ஏதோ இருக்கிறது என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயரில்லாமல் இருக்கும்வரைதான் அதற்கு மவுசு. தாளுக்கு வந்துவிட்டால் அதற்குப் பசிக்கிறது, சளி பிடிக்கிறது. இன்று ஒரு பூதத்துக்குக் காலுறை தேவைப்பட்டது, எட்டுக் காலுக்கும் எட்டு நிறத்தில். கிரேக்கப் புராணத்து மினோட்டார் கதையில், அதைக் கொன்ற தீசியஸை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. காளைத் தலையோடு பிறந்தது அதன் தப்பா, ஏன் பூட்டி வைத்தார்கள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இதற்கு எந்த நீதியைச் சொல்வது?

ஜூலை 8, செவ்வாய்
பதில் இல்லை.

ஜூலை 10, வியாழன்
ஜெர்மன் ஓவியர் டியூரரின் காண்டாமிருகத்தைக் காட்டினேன். 1515-இல் செதுக்கிய மரக்கட்டை அச்சு. அவர் அந்த மிருகத்தைப் பார்த்ததே இல்லை. உடம்பெல்லாம் போர்க்கவசம் மாதிரி தகடு, தோளுக்கு மேலே கூடுதலாக ஒரு குட்டிக் கொம்பு. "அவருக்கும் யாரும் படம் காட்டலையா?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் பிளாட்டிபஸ், ஆஸ்திரேலியாவில் இருக்கிற நிஜ மிருகம். வாத்து மாதிரி அலகு, முட்டையும் போடும், பாலும் கொடுக்கும் என்றேன். பொய்யாம். டிராகன் மட்டும் நிஜமாம்! குறை சொல்ல முடியாது. 1799-இல் அதை விவரித்து எழுதிய ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கே யாராவது ஒட்டுவேலை செய்திருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தது.

கடைசி பெஞ்சுத் தாள் இன்னும் கவிழ்ந்தபடியே.

ஜூலை 11, வெள்ளி
"பயமில்லாததா வரையலாமே, அன்னப்பறவை மாதிரி" என்றார் தலைமையாசிரியர். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற பறவை கற்பனையில்லையாம், யாளிதான் கற்பனையாம். எரிச்சல். இன்று எதுவும் எழுதப்போவதில்லை.

ஜூலை 14, திங்கள்
விளக்கை அணைக்க விடாதவள் கட்டிலுக்கு அடியில் இருப்பதை வரைந்து எடுத்துவந்தாள். வாய் நிறையப் பல். வால் கிடையாது, இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்துவிடுமாம். மூக்கு ஒழுகுகிறது. அம்மாவிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ், அவங்க பயந்துக்குவாங்க."

நாளை, முதல் பீரியடுக்கு முன்னால் தலைமையாசிரியர் அறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். படத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.