நெஞ்சில் நீர் எடுக்கும்போது

காசிமேட்டிலிருந்து வந்தாலும் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்தாலும் நெஞ்சக வார்டுக்குள் நுழைபவர்கள் சொல்வது ஒன்றுதான்: "நுரையீரல்ல தண்ணி கோத்துனு இருக்காம் சிஸ்டர்." நீர் நுரையீரலுக்குள் இல்லை. இதை முதலில் விளக்கிவிட்டுத்தான் ஊசியால் நீர் எடுப்பதற்கான ட்ரேயை எடுப்போம்.

உடம்புக்குள் மேலே நெஞ்சறை, கீழே வயிற்றறை. வயிற்றறை இடுப்புக் குழிவரை தொடர்கிறது. இரண்டையும் பிரிப்பது உதரவிதானம் என்ற தசை. நெஞ்சறையின் நடுவில் இதயம், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், இருபுறமும் நுரையீரல்கள். நுரையீரலை ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது, அதுவே மடங்கி விலாச் சுவரின் உள்பக்கத்திலும் ஒட்டியிருக்கிறது. இதுதான் ப்ளூரா. மளிகைக் கடையில் உருவித் தரும் புதுப் பாலித்தீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கிடக்குமே, அப்படித்தான் இந்த இரண்டு படலமும். வழுக்குவதற்குச் சில மி.லி. ஈரம் போதும். காசநோய், இதயச் செயலிழப்பு, புற்றுநோய் போன்றவற்றில் அந்த இடுக்கில் நீர் பெருகி, நுரையீரலை நசுக்குகிறது.

நின்று எடுத்த எக்ஸ்ரேயில் சுமார் 200 மி.லி. சேர்ந்த பிறகுதான் கீழ் ஓரம் மழுங்கித் தெரியும். அதனால் ஸ்கேன் வைத்துப் பார்த்துக் குறியிட்டுக் குத்துவதே நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

உட்காரவைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முன்னால் மேசைமேல் தலையணை வைத்து, இரு கைகளையும் மடக்கி அதன்மேல் சாய வேண்டும். முதுகு வளைந்தால் விலா இடைவெளி விரியும். ஊசி எப்போதும் அந்த இடைவெளிக்குக் கீழே உள்ள விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே போகும், ஏனென்றால் ஒவ்வொரு விலாவின் அடிப்பள்ளத்திலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. ஒன்பதாம் விலாவுக்குக் கீழே போவதில்லை. விலா இருக்கும் இடமெல்லாம் நெஞ்சறை என்று பலர் நினைக்கிறார்கள். உதரவிதானம் கூடாரம்போல மேலெழும்பி நிற்பதால் வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் விலாக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. தாழக் குத்தினால் ஊசி வயிற்றறைக்குள் போய்விடும்.

மரத்துப்போக 2 சதவீத லிக்னோகைன், 5 முதல் 10 மி.லி. போடுவார்கள். வலியை உணர்வது சுவரை ஒட்டிய வெளிப்படலம்தான், அதனால் மருந்து அதுவரை இறங்க வேண்டும். அவசரத்தில் தோலோடு நிறுத்திவிட்டால் நோயாளி துள்ளிவிடுவார். அந்த அசைவில் நுரையீரல் குத்துப்பட்டுக் காற்று கசியலாம். இருமல் வருவதுபோல இருந்தால் முன்கூட்டியே விரலைத் தூக்கிக் காட்டச் சொல்லிவைப்போம்.

பிறகு 50 மி.லி. சிரிஞ்சும், நீர் போகும் திசையை மாற்றும் மூன்று வழி வால்வும். காற்று உள்ளே போகாதபடி வால்வைத் திருப்புவதில் கவனம் வேண்டும். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. பல நாள் நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியும், அது உயிருக்கு ஆபத்து. "மொத்தத்தையும் எடுத்துடுங்கம்மா" என்று உறவினர்கள் கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. விடாத இருமலோ நெஞ்சை இறுக்குவதோ தெரிந்தால் அளவைப் பார்க்காமல் உடனே நிறுத்த வேண்டும். வியர்த்து, நாடி குறைந்தால் படுக்கவைத்துக் காலை உயர்த்துவோம்.

எடுத்த நீரைச் சும்மா வைத்திருக்கக் கூடாது. செல் எண்ணிக்கைக்கு ஊதா மூடிக் குழாய், சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய். காசநோய் சந்தேகம் என்றால் ஏடிஏ (ஒரு நொதியின் அளவு), சிபிநாட் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). புரதம், எல்டிஹெச் என்ற நொதி இரண்டையும் ரத்தத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும் என்பதால் அன்றைக்கே ரத்தமும் எடுத்து அனுப்ப வேண்டும். சர்க்கரைக்குரிய நீர் சாதாரணக் குழாயில் மணிக்கணக்கில் கிடந்தால் அதிலுள்ள செல்களே சர்க்கரையைத் தின்றுவிடும். முடிவு பொய்யாகக் குறைந்து வரும், மறுபடி குத்த வேண்டியதாகிவிடும்.