கடைத்தெருவில் சரக்கு இறக்க ஓர் இடம்

வணிகர் சங்கத்தில் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் கவனித்துவந்த எனக்கு, லாரியை நிறுத்தி மூடை இறக்கச் சாலையோரத்தில் இடம் ஒதுக்கிக் கேட்கும் வேலை வந்து சேர்ந்ததற்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஓர் இளைஞர்தான் காரணம். சங்க உறுப்பினர் ஒருவரின் மகனான அவர், அங்கே நடைபாதையின் ஓரக்கல்லில் மஞ்சள் பூசியிருந்தால் அது சரக்கு வண்டிக்கான இடம் என்றும், சிவப்பு பூசியிருந்தால் வண்டி நிற்கவே கூடாது என்றும் தந்தையிடம் சொல்லியிருக்கிறார். சான்ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் கடைக்காரரே அப்படியோர் ஓரத்தைக் கேட்டு விண்ணப்பிக்க முடியும். "நமக்கும் அதே மாதிரி ஒரு பெர்மிட் எடுத்துத் தாங்க தம்பி" என்று அந்தத் தந்தையான அண்ணாச்சி என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அப்படியொரு பெர்மிட்டுக்கான விண்ணப்பப் படிவம் எங்கள் ஊரில் கிடையாது. நமக்குக் கையில் இருப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை மாநில அரசோ, அரசின் அதிகாரம் பெற்ற அமைப்போ, அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பைக் கலந்துகொண்டு தீர்மானிக்கலாம் என்கிறது அதன் 117-ஆம் பிரிவு. குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் 115-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாட்டுக்கு அரசிதழ் அறிவிப்பு தேவையில்லை என்ற விலக்கும் அதிலேயே உண்டு. எங்களுக்குப் பிறகு கைகொடுத்தது இந்த விலக்குதான். முதலிலேயே நிரந்தர இடம் கேட்டால் எந்த அலுவலரும் யோசிப்பார். ஒரு மாதம் நடத்திப் பார்க்கலாம் என்றால் கோப்பு நகரும்.

ஆனால் அதற்கு முன்னால், சாலை யாருடையது என்பது தெரிய வேண்டும். குமரி மாவட்டத்தில் இது சிறிய கேள்வி அல்ல. இன்றும் நாற்பத்தேழு என்றே பலர் சொல்லும் திருவனந்தபுரம் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 66; திருநெல்வேலிப் பக்கமிருந்து வருவது 44. இவையும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளும் ஊர்களின் கடைத்தெருக்களுக்கு நடுவிலேயே செல்வதால், ஒரே முக்கில் இருக்கும் கடையின் முன்வாசல் ஒரு துறையிடமும் பக்கவாசல் நகராட்சியிடமும் இருக்கும். எங்கள் நிலையும் அதுவே. நெடுஞ்சாலையை ஒட்டிய முன்பக்கத்தைக் கேட்பதைக் கைவிட்டு, நகராட்சிக்குச் சொந்தமான பக்கத்துத் தெருவைக் கேட்பது என்று செயற்குழுவில் முடிவெடுக்க வைத்தேன். வாடிக்கையாளர் பார்வையில் படாத இடம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். மூடை இறக்குவதை வாடிக்கையாளர் பார்த்து ஆகப்போவது என்ன என்பது என் எண்ணம்.

கடை திறக்கும் முன்பு, சுமடு இறக்கும் தொழிலாளி ஒருவர் மறுமுனையைப் பிடிக்க, டேப் வைத்துத் தெருவை அளந்தேன். அகலம் ஏழு மீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரியானாலும் பேருந்தானாலும் அகலம் 2.6 மீட்டருக்கு மிகக்கூடாது. ஒரு லாரி ஓரமாக நின்றால் மீதி 4.4 மீட்டர்; இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் அவற்றுக்கு மட்டும் 5.2 மீட்டர் வேண்டும். ஆகவே, மினி பேருந்து ஓடும் அந்தத் தெருவில் நாள் முழுவதற்குமான இடம் கேட்பது நியாயமாகாது. நேரத்தைத்தான் கேட்க முடியும். இந்தக் கணக்கை வரைபடத்தின் கீழேயே எழுதி, மின்கம்பம், குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றையும் குறித்துக் கொடுத்தேன். பத்துப் பக்க மனுவைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசியது.

கூட்டு ஆய்வுக்கு வந்த பொறியாளர் வரைபடத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நேராகச் சாலையோர வடிகால் ஓடையின் மூடிக்கல் மேல் ஏறி நின்று குதிகாலால் இரண்டு முறை தட்டினார். "லோடு வண்டி சக்கரம் இதுல ஏறுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இரண்டு அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2018-இல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தப்பட்டது. எங்கள் தெருவின் மூடிக்கற்களோ அதற்கு வெகுகாலம் முன்பே போடப்பட்டவை. இரண்டு கற்களில் விரிசலும் ஓடியிருந்தது. ஆகவே வண்டி நிற்கும் இடத்தைக் காட்டும் கோடு ஓடையை விட்டு உள்ளே தள்ளி வரையப்பட்டது. பன்னிரண்டு சக்கர வண்டிகள் தெருவுக்குள் வராமல் ஊருக்கு வெளியே குட்டியானை எனப்படும் சிறிய சரக்கு வண்டிகளில் சரக்கை மாற்றிக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கடைக்காரர்களுக்கு இதனால் கூலி கூடியது உண்மை. ஓடைக்குள் சக்கரம் இறங்கிய லாரியைத் தூக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

நேரத்தை முடிவுசெய்வதில்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. பள்ளிக்கூட நேரத்தைத் தொடக்கூடாது என்பதில் போக்குவரத்துக் காவலர்கள் உறுதியாக இருந்தார்கள். விடியற்காலையில் இறக்கலாம் என்றால், சுமடு தொழிலாளர் சங்கத்தோடு கூலி பேச வேண்டும். மேலும், நாங்கள் கேட்ட இடத்தில் கடற்கரை ஊர்களிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் காலையில் அமர்வது வழக்கம். அவர்களை அப்புறப்படுத்தித் தரும்படி மனுவில் எழுதச் சொன்ன உறுப்பினர்களும் உண்டு. சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதைச் சொல்லித்தான் அந்தப் பேச்சை நிறுத்தினேன். அந்தப் பெண்களிடம் நேரில் கேட்டபோது, "எட்டரைக்கு முன்னால நாங்க எங்க வாறோம் அண்ணே, அதுக்குள்ள உங்க வண்டிய எடுத்துட்டாப் போதும்" என்றார்கள். காலை 6 முதல் 8 வரை, பிற்பகல் 1 முதல் 2.30 வரை என்று நேரம் அமைந்ததற்கு இந்த ஒரு பதில் பெரிய காரணம். பிற்பகலில் அவர்கள் விற்று முடித்துக் கிளம்பியிருப்பார்கள்.

உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்ளக் கடினப்பட்டது வேறொன்று. அலைந்தது நாம், பலகைக்கும் வண்ணத்துக்கும் பணம் கொடுத்தது நாம். அப்படியிருக்க, சங்கத்தில் சேராத கடையின் வண்டியும் அங்கே நிற்கலாமா என்று கேட்டார்கள். பலகையில் சங்கத்தின் பெயரையாவது போட வேண்டும் என்றார்கள். நான் இணங்கவில்லை. பொதுச் சாலையை ஒரு கடைக்கோ ஒரு சங்கத்துக்கோ எழுதிக் கொடுக்க எந்த அலுவலருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. "இந்தத் தெருவுக்கு வரும் சரக்கு வண்டிகளுக்கு" என்று மனு எழுதப்பட்டதால்தான் அது நகராட்சி மன்றத்தின் தீர்மானத்துக்கே போனது. போட்டிக் கடைக்காரரின் வண்டி நம் கோட்டுக்குள் நிற்பதைப் பார்த்துக் கொதிப்பவர், அதே வண்டி முன்பு நெடுஞ்சாலையில் நின்று தம் வாடிக்கையாளரின் வழியை மறித்ததை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு மாதச் சோதனை முடிந்து ஒழுங்கான உத்தரவும் வந்தது. இப்போதைய தொல்லை லாரிகளால் அல்ல, கோட்டுக்குள் நிறுத்தப்படும் இருசக்கர வண்டிகளால். தடைசெய்யப்பட்ட இடத்தில் வண்டி நிறுத்தினால் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் அபராதம். ஆனால் காலை ஆறு மணிக்கு அபராதம் எழுத யாரும் வருவதில்லை. அதனால் முந்தைய இரவே சங்கிலி போடச் சங்கக் காவலாளிக்கு அனுமதி கேட்டோம்; பொதுச் சாலையில் சங்கிலி போட முடியாது என்று மறுத்துவிட்டார்கள், அதுவும் சரியே. இருபருவமும் மழை பெய்யும் ஊரில் கோடு விரைவில் மங்கிவிடுகிறது. மறுபடி வரைவது நகராட்சியின் பொறுப்பா, சங்கத்தின் பொறுப்பா என்பது உத்தரவில் இல்லாததால், அதைத் தெளிவுபடுத்தக் கோரும் மனுவைத் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்திருக்கிறோம்.