தவறிய ஊசிகளும் எங்கள் இரவுகளும்

என் தம்பிக்கு மனநோய் முற்றிய அந்த இரவில், அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுவதற்காக அயல் வீட்டார் கயிறு கொண்டுவந்தபோது, வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. நாங்கள் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பகுதியைச் சேர்ந்தவர்கள். 2006 இல் போரினால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக் கணக்கில் இருந்துவிட்டு, காணிகள் விடுவிக்கப்பட்ட பின்னர் ஊர் திரும்பியவர்கள். தம்பியின் நோய் முகாமிலேயே தொடங்கியிருந்தது. அன்றிரவு ஓட்டோவில் கொண்டுசென்ற முதல் வைத்தியசாலையில் அந்த நேரத்தில் உளநல வைத்தியர் இல்லாததால், அங்கிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து திருகோணமலை நகரத்தை அடைந்தபோது விடிந்துவிட்டது. அவனுடைய மணிக்கட்டுகளில் கயிற்றுத் தடம் பல நாட்கள் மறையாமல் இருந்தது.

வாட்டில் இருந்த வைத்தியர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி: "கடைசியா எப்ப ஊசி போட்டது, அக்கா?" கிளினிக் கொப்பியைப் பிரித்துப் பார்த்தபோது, நோய்க்காக மாதந்தோறும் போடவேண்டிய ஊசி இரண்டு மாதம் தவறியிருந்தது. காரணம் அலட்சியம் அல்ல. நகரத்துக்குப் போய்வர ஒரு நாள் கழிகிறது, அவனோடு துணைக்குப் போகும் என் ஒரு நாள் கூலியும் போகிறது, பஸ் காசும் சேர்கிறது. கையில் காசு இல்லாத மாதத்தில் முதலில் கைவிடப்படுவது, வெளியே காயம் தெரியாத நோய்க்கான மருந்துதான்.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை வாய்விட்டுச் சொன்னேன். எவரும் பேசவில்லை. ஆனால் அந்தக் கிழமையிலேயே மூன்று பெண்கள், ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாமல், பொழுதுபட்ட பின் என் வீட்டின் பின்பக்கமாக வந்தார்கள். ஒருவருடைய கணவர் மாதக் கணக்கில் அறையை விட்டு வெளியே வருவதில்லை. மற்றொருவர், "வீட்டில குமர்ப் பிள்ளை இருக்குது, ஆருக்கும் சொல்லிப்போடாதைங்கோ" என்று கேட்டுக்கொண்ட பிறகே தன் மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மூன்றாமவரின் மகள் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியைக் குடித்துப் பிழைத்திருந்தாள். பொலிஸ் வழக்குப் போடும் என்ற பயத்தில், தவறுதலாகக் குடித்துவிட்டாள் என்றே வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை நானும் அதற்குப் பிறகுதான் விசாரித்து அறிந்து, அந்தத் தாயிடம் போய்ச் சொன்னேன். அவர் நெடுநேரம் அழுதார். உண்மையை வைத்தியரிடம் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுக்கான சிகிச்சையோடு மனதுக்கான உதவியும் கிடைத்திருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

இதற்குப் பிறகு சுகாதார அதிகாரிகளுக்கு முதலில் நாங்கள் அனுப்பிய கடிதம் தவறானது. எங்கள் பிரதேசத்துக்கு விசேட வைத்திய நிபுணரோடு ஓர் உளநலப் பிரிவு வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஆளணி இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கோபத்தில் ஆர்ப்பாட்டம் செய்யலாம் என்றார்கள் சிலர். அதற்குப் பதிலாக, சம்மதித்த குடும்பங்களின் கிளினிக் கொப்பிகளை வைத்துக்கொண்டு, எந்த மாதம் ஊசி தவறியது, ஏன் தவறியது, அடுத்த சில கிழமைகளில் வீட்டில் என்ன நடந்தது என்று பெயர் போடாமல் எழுதிப் பார்த்தோம். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பயங்கர இரவுக்கு முன்னால் ஒரு தவறிய ஊசி இருந்தது. எனவே இரண்டாவது கடிதத்தில், மாதத்தில் ஒரு நாள் எங்கள் பக்கத்துக்கு உளநல வைத்திய அதிகாரி வரவேண்டும், ஊசியும் குளிசையும் இங்கேயே கிடைக்கவேண்டும், கதவு பூட்டக்கூடிய ஓர் அறையை நாங்கள் ஒழுங்குசெய்து தருவோம் என்று மட்டும் எழுதி, எழுதிய தாள்களையும் இணைத்தோம். கோயில் நிர்வாகத்தினரோடு அயல் ஊர்ப் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரும் கையொப்பமிட்டார்கள். ஜும்ஆ நாளான வெள்ளிக்கிழமையும், பெண்கள் நுண்கடன் கூட்டத்துக்குப் போகும் நாளும் வேண்டாம் என்று கேட்டதுகூட அந்தக் கடிதத்தில் இருந்தது. பல முறை அலைந்த பின்னர் அனுமதி கிடைத்தது.

இரவுக்கான ஒழுங்கு தனி வேலை. கிளினிக்குக்கு வந்த உளநல உத்தியோகத்தர் ஒருவர் எங்களில் சிலருக்கும் மூன்று ஓட்டோச் சாரதிகளுக்கும் பயிற்சி தந்தார். கூட்டத்தைக் கலைத்து, நோயாளிக்கு நம்பிக்கையான ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசவேண்டும். கத்தி, கோடரி, கிருமிநாசினி ஆகியவற்றை அப்புறப்படுத்தவேண்டும். நோயாளி சொல்வது பொய் என்று வாதாடக் கூடாது. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கும்போது வீட்டு இலக்கத்தைவிடச் சந்தியையும் கோயிலையும் அடையாளம் சொல்லவேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் எந்த நேரமும் தமிழில் பேசலாம் என்பது எங்களில் பலருக்கு அன்றுவரை தெரியாது. அந்த இரண்டு இலக்கங்களையும் வீடுவீடாகச் சுவரில் எழுதிவைத்தோம். ஓட்டோவுக்கான எரிபொருள் காசைச் சங்கம் ஒரு பெட்டியில் தனியாக வைத்திருக்கிறது.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வைத்திய அதிகாரிக்கு இடமாற்றம் வந்தபோது கிளினிக் நின்றுபோய், மறுபடியும் கடிதத்தோடு போய் நிற்கவேண்டியிருந்தது. அந்த முறை பேசியவர், முன்னர் பின்பக்கமாக வந்த மூன்று பெண்களில் ஒருவர். மேசைக்கு முன்னால் நின்று, தன் மகனுடைய கொப்பியைத் திறந்து, ஊசி தவறிய திகதிகளை அவரே வாசித்துக் காட்டினார். கிளினிக் மீண்டும் தொடங்கியது. இப்போது மாரி மழைக்கு வீதி மூடும் கிழமைகளுக்கென ஊசி மருந்தை முன்கூட்டியே உள்ளூர் வைத்தியசாலையில் இருப்பு வைக்குமாறு கேட்டு மூன்றாவது கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.