ஐந்துக்கு ஆறு

பிலிப்பைன்ஸில் ஓர் இந்தியன் முன்னறிவிப்பில்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்றால், வட்டிக்காரன் வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ச் சில்லறைக் கடன் கொடுத்து வசூலிக்கும் தொழிலைப் பஞ்சாபிகள் அங்கே வெகு காலமாக நடத்தி வருகிறார்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். அதனால் தொழிலுக்கே ‘ஐந்து-ஆறு’ என்று பெயர். அதைச் செய்கிறவன் ‘பும்பாய்’. லூதியானாவிலிருந்து வந்தாலும் கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் பும்பாய்தான். சோறு உண்ண அடம்பிடிக்கும் பிள்ளையை, பும்பாய் வந்து சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடுவான் என்று மிரட்டும் தாய்மார்களும் உண்டு.

அந்த நாட்டில் வீடு வீடாகப் போய் மதம் போதிப்பதுதான் எனக்கு வாய்த்த வேலை.

உலகம் மார்மன் என்று சுருக்கமாக அழைக்கும் கிறிஸ்தவச் சபையில் ஆண் பிள்ளைகள் பதினெட்டு வயது முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் ஊழியத்துக்குப் போவார்கள். 2012 வரை அந்த வயது பத்தொன்பதாக இருந்தது. பெண்கள் போனால் பதினெட்டு மாதம். எந்த நாடு என்று நாம் கேட்க முடியாது, அமெரிக்காவில் சபைத் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து கடிதம் வரும். என் கடிதத்தில் பகோலோட் என்றிருந்தது. நீக்ரோஸ் தீவின் மேற்குப் பக்கம், கண்ணுக்கெட்டியவரை கரும்பு. பேச வேண்டிய மொழி ஹிலிகாய்னான். மணிலாவில் உள்ள பயிற்சி மையத்தில் சில வாரங்கள் அதைக் கற்றுக்கொடுத்து, கழுத்தில் டையும் நெஞ்சில் ‘எல்டர்’ என்ற கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக அனுப்பி வைத்தார்கள். மீசை முளைக்காதவனுக்கு மூப்பர் பட்டம்.

சம்பளம் கிடையாது. செலவில் ஒரு பங்கை நம் வீடே தர வேண்டும், எங்களைப் போன்ற வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மீதியைச் சபை ஏற்கும். ஆறரைக்கு எழுந்து, உடற்பயிற்சி, படிப்பு முடித்து, பத்து மணிக்குத் தெருவில் இறங்கினால் இரவு ஒன்பதுக்கு அறை. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, காய்கறி வாங்க, கடிதம் எழுத. வீட்டுக்குத் தொலைபேசுவது அப்போது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். வாராவாரம் பேசலாம் என்ற சலுகை 2019-இல்தான் வந்தது. நாங்கள் ஒரு பெசோ நாணயம் போட்டால் சில நிமிடம் ஓடும் கணினிக் கடையில் உட்கார்ந்து அம்மாவுக்கு மின்னஞ்சல் அடித்தோம். பிறகு எத்தனையோ அலுவலகங்களில் வேலை பார்த்துவிட்டேன். இவ்வளவு இறுக்கமான அட்டவணையைச் சம்பளம் கொடுத்த எவரும் என் மேல் சுமத்தியதில்லை.

தனியாக ஓர் அடி எடுத்து வைக்க முடியாது என்பதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். குளியலறை தவிர எல்லா இடத்திலும் இருவர். யாரோடு யார் என்பதை ஊழியத் தலைவர் முடிவு செய்வார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதை மாற்றவும் செய்வார். எனக்கு நெடுநாள் துணையாக இருந்தவன் வடக்கு லூஸோனில் நெல் விவசாயி ஒருவரின் மகன். பிலிப்பைன்ஸ்காரன்தான் என்றாலும் ஹிலிகாய்னான் அவனுக்கும் புது மொழி. பெட்டிக்கடைக்காரி எங்கள் இருவரையும் சேர்த்தே திருத்துவாள்.

கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு முதன்முறையாகப் போன பிற்பகலைச் சொல்ல வேண்டும். மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, வரிசையாக வீடுகள். தெருமுனையில் என் தலை தெரிந்ததுமே ஒரு பையன் “பும்பாய்!” என்று கத்திக்கொண்டு ஓடினான். மடமடவென்று கதவுகள் சாத்தப்பட்டன. ஒரு ஜன்னல் தட்டிக்குப் பின்னாலிருந்து மட்டும் “சனிக்கிழமை, சனிக்கிழமை” என்று ஒரு குரல் கெஞ்சியது. கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் கதவைச் சாத்தவில்லை. நேராக என்னிடம் வந்து, பாவாடை மடிப்பிலிருந்து எடுத்த இருபது பெசோ நோட்டுகளை என் கையில் திணித்தாள். நான்காக மடித்து வியர்வையில் நனைந்திருந்த நோட்டுகள். பிறகு நோட்டுப் புத்தகத்தில் வரவு வைப்பதற்காகக் காத்து நின்றாள். நான் திருப்பிக் கொடுக்க, அவள் வாங்க மறுக்க, இது ஏதோ தந்திரம் என்று அவள் முகமே சொன்னது. நான் வட்டிக்காரன் இல்லை என்று என் துணைவன் சத்தியம் செய்த பிறகுதான் பணம் மடிக்குள் திரும்பப் போனது. அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். “இனிமேல் நீ பின்னால் நில். இல்லையென்றால் ஊர்க் கடன் முழுவதும் உன்னிடம் வசூலாகிவிடும்.”

போதனைக்கு எங்களுக்கு ஒரு கையேடு உண்டு. முதல் பாடம், 1820-இல் நியூயார்க் மாநிலத்தில், பின்னாளில் எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் என்ற பதினான்கு வயதுப் பையன் ஒரு தோப்புக்குள் போய் ஜெபித்ததும் அங்கே கண்ட தரிசனமும். அதை அவருடைய வார்த்தைகளிலேயே மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கத்தோலிக்க வீடுகளில் நான் அந்த இடத்துக்கு வருவதற்குள், “இந்தியாவில்கூடக் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?” என்று கேள்வி வரும். இயேசுவின் சீடர் தோமா எங்கள் ஊருக்கு வந்ததாகத்தான் நாங்கள் நம்புகிறோம், சென்னையில் அவருடைய கல்லறை மேல் ஒரு பேராலயம் நிற்கிறது என்பேன். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். கல்லறை எவ்வளவு பெரிது, தொட்டுப் பார்க்க விடுவார்களா, நீ தொட்டிருக்கிறாயா? சந்தேகப்பட்டு விரலை நீட்டிய அந்தச் சீடன் மேல் அவர்களுக்கு இருந்த பிரியம் ஜோசப் ஸ்மித் மேல் ஒரு நாளும் திரும்பவில்லை. என் துணைவன் பாடப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைப்பான். ஞாயிறு இரவு கணக்குக் கொடுக்க வேண்டுமே. எத்தனை பாடம், எத்தனை புது முகம், எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று. தோமாவைப் பற்றிப் பேசியதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

உண்மையான பும்பாயை ஒரு நாள் சந்தித்தேன். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, இடுப்புப் பையைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இந்தியில் ஏதோ வேகமாகச் சொன்னார். எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழும் வராது, ஆங்கிலம் இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோனது. கடைசியில் இரண்டு இந்தியர்கள் ஹிலிகாய்னானில் பேசிக்கொண்டோம். அவருடைய ஹிலிகாய்னான் என்னுடையதைவிடப் பல மடங்கு சுத்தம்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். இல்லை, வீட்டிலிருந்து பணம் வருகிறது என்றேன். அவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப வந்தவர், நான் வீட்டுப் பணத்தில் வேலை செய்ய வந்தவன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு, உங்கள் சபையில் சேருகிறவர்கள் வருமானத்தில் பத்தில் ஒன்று கொடுக்க வேண்டுமாமே, உண்மையா என்றார். உண்மை என்றேன். “எனக்குக் கடன் அடைந்தால் கணக்கு முடிந்துவிடும். உனக்கு எப்போது முடியும்?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அவரிடம் நான் கற்றது கையேட்டில் இல்லாத தொழில் பாடம். வேலியைத் தாண்டி உள்ளே போகாதே, வெளியே நின்று குரல் கொடு. உண்டு உறங்கி எழும் மூன்று மணிக்குமேல் போ. துக்க வீட்டில் தொழிலைப் பேசாதே, ஆனால் போகாமலும் இருந்துவிடாதே. வருகிறேன் என்று சொன்ன நாளில் மழை பெய்தாலும் போய் நில். வசூல் பணத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட தன் ஊர்க்காரர்களைப் பற்றியும் அதே குரலில் சொன்னார். அந்த மனிதரின் வட்டியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் வருவார் என்பதில் அந்தத் தெருவில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எங்களைப் பற்றி அப்படி ஒரு நம்பிக்கை வருவதற்குப் பல மாதமானது. அது வந்த பிறகுதான் கதவுகள் திறந்தன. கோட்பாட்டுக்காகத் திறந்த கதவு ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அந்தத் தசமபாகக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கரும்பு அரவை முடிந்து அடுத்த அரவை தொடங்கும் வரை, மழை மாதங்களில், தோட்டங்களில் வேலை இருக்காது. ஸ்பானியர் காலத்திலிருந்தே அதற்குச் ‘செத்த காலம்’ என்று பெயர். பும்பாயின் வியாபாரம் சூடு பிடிப்பதும் அப்போதுதான். அந்த மாதங்களில் ஒரு வீட்டில் உட்கார்ந்து பத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசுவது லேசான காரியமில்லை. அவர்கள் எங்களுக்கு முன்னால் வைப்பது சோறும், பொரித்த கருவாடும், முருங்கைக்கீரை போட்ட தண்ணீர்க் குழம்பும். நாங்கள் உண்டால் அவர்களுக்குக் குறையும், மறுத்தால் மனம் கோணும். உண்டுவிட்டுப் பாடத்தை எடுப்போம். வருமானம் இல்லாத மாதத்தில் பங்கும் இல்லை என்பதை அழுத்திச் சொல்வேன். மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசமிருந்து அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்குக் கொடுக்கும் எங்கள் வழக்கத்தைச் சொன்னபோது ஒரு கரும்பு வெட்டி கேட்டார், “நான் கொடுப்பவனா, வாங்குபவனா?” இரண்டும்தான் என்றான் என் துணைவன். அதைவிடச் சரியான பதில் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

அந்தத் தோட்டக் குடியிருப்பு வரிசையில்தான் ஒரு குடும்பம் எல்லாப் பாடத்தையும் கேட்டு, மது, புகையிலை, காபி எல்லாவற்றையும் விட்டு, ஞானஸ்நானத்துக்குத் தயாராக நின்றது. (காபியை விடச் சொல்லும்போது எனக்கே நாக்கு கூசும். எங்கள் வீட்டு டிகாக்‌ஷன் வாசனையை வைத்துக்கொண்டு சொல்கிறேன்.) சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு முன்பே கல்யாணமாகியிருந்தது. முதல் கணவர் விட்டுவிட்டுப் போய் மணிலாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்குப் பிலிப்பைன்ஸில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. திருமணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம். அதற்கு ஆகும் வக்கீல் செலவைக் கரும்பு வெட்டிச் சம்பாதிக்க முடியாது. பிரியாமலும், சட்டப்படி மணக்காமலும் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குச் சபை ஞானஸ்நானம் கொடுக்காது. காசில்லாததால் கல்யாணம் தள்ளிப்போன ஜோடிகளை மேயர் நடத்தும் இலவசக் கூட்டுத் திருமணத்துக்கு அழைத்துப் போய்ச் சேர்த்து வைத்திருக்கிறோம். இவர்களுக்கு அந்த வழியும் இல்லை.

விதியை நான் வாய்விட்டுச் சொன்னேன், ஏனென்றால் சொல்வது என் வேலை. நியாயம் என்று எனக்குப் படவில்லை, இன்றும் படவில்லை.

எட்டு வயது தாண்டிய அவர்களுடைய இரண்டு பிள்ளைகளுக்குப் பெற்றோர் சம்மதத்துடன் ஞானஸ்நானம் கொடுத்தோம். சபையில் இருந்த வெள்ளை உடை சின்னவளுக்குப் பெரிதாக இருந்தது. தாய் தரையில் மண்டியிட்டு, வாயில் கவ்விய ஊக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, உடையின் கால் பகுதியை மடித்துக் குத்தினாள். உடல் முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும், இரண்டு சாட்சிகள் குனிந்து பார்ப்பார்கள். முதல் தடவை சின்னவளின் சடை மிதந்துவிட்டது, மறுபடியும் முக்கினேன். “இன்னொரு தடவை!” என்று அவள் கேட்டதில் கூட்டமே சிரித்தது. பெற்றோர் இருவரும் தொட்டி ஓரத்தில் துண்டோடு நின்றார்கள்.

அன்று முதல் அந்தக் கணவனும் மனைவியும் ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார்கள், பாடுவார்கள். உறுப்பினர் பட்டியலில் மட்டும் பெயர் இருக்காது. 2024 மே மாதத்தில் அந்நாட்டுக் கீழவை விவாகரத்து மசோதாவை நிறைவேற்றியது, செனட்டில் அது நகரவில்லை. செய்தியைப் படித்ததும் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பதில் வந்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம், நான் எப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேனாம்.